வெள்ளை ரெக்கையில் ஒரு விரல் தடம்

திருப்பூர்,
19.7.1991

மயிலாவுக்கு,

நீ ஊட்டை விட்டுப் போயி இன்னியோட மூணு நாள் ஆச்சு. அரிசிப் போசி மூடி மேல சீட்டு எழுதி வெச்சிருக்கறே, "ஆடி நோம்பிக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன்"னு. கல்யாணம் ஆயி ஏழு வருசம் கழிச்சு ஆடிக்குப் பொறந்த ஊட்டுக்குப் போன பொம்பளை நம்ம சொந்தம் ஒறம்பரையில நீ ஒருத்திதான். புதுப்பொண்ணைத்தான கூட்டிட்டுப் போவாங்க? உங்கண்ணன் வந்து கூப்புடவும் இல்லை. சரி, போனது போயிட்டே.

கோவம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமை நான் சத்தம் போட்டேன், இல்லைங்கலை. ஆனா நீயே சொல்லு. எங்க கம்பெனியில நிட்டிங் மிசின் பூட்ட வந்த ஜெர்மன்காரரு ஊருக்குப் போறப்ப, அவரோட பழைய ரேடியோ பெட்டியை என்ற கைல குடுத்துட்டுப் போனாரு. ரெண்டு குச்சி, ஒரு ஏரியல். குச்சியை இங்க அசைச்சா அங்க ஆகாசத்துல ஏரோப்ளேனோட வாலு அசையும். எஞ்சினே வேண்டாம், காத்துதான் எஞ்சின்னு கையை விரிச்சுக் காட்டுனாரு. அன்னில இருந்து நாலு மாசம். ஷிப்ட் முடிஞ்சு வந்து ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில உக்காந்து, மிசின் பெட்டியில வந்த தெர்மாகோலைக் கம்பி காய்ச்சி அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஆறடிக்கு ரெக்கை பண்ணுனேன். உன்ற தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடி. நீ சிரிச்சுட்டே தட்டி உட்டே. பொங்கலூர்க் கரட்டுப் பாறை மேல நின்னு நீதான் வீசறதா இருந்துச்சு. என்ற ரெண்டு கையும் பெட்டியில இருக்குமில்லொ?

கெளம்பற நேரத்துல கம்பெனியில கறை எடுக்கற மருந்தைத் தொட்டு ரெக்கையைத் தொடைச்சிருக்கறே. பனியனுக்குத்தான் அது மருந்து. தெர்மாகோலை அது தின்னுரும். கண்ணு முன்னால கரைஞ்சு போச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நடந்தது நடந்து போச்சு, நான் அதைப் பெருசு பண்ணலை. இப்ப ஒரு முடிவு எடுக்கணும். மறுபடி தெர்மாகோலா, இல்லை பால்சாவா? தெர்மாகோல் பஞ்சாட்ட லேசு, சும்மா கெடைக்குது. ஆனா வெயில்ல வெச்சா நெளியும், ஒரு தட்டு தட்டுனா பொட்டுனு போயிரும். பால்சாங்கறது மரம். பம்பாய்க்கு எழுதிப் போட்டிருக்கறேன், பார்சல் வரும். மரம்னா நிக்கும். நீ என்ன சொல்றே?

ஆடி முடிஞ்சா காத்து நின்னுரும். அதுக்குள்ள பறக்க உடணும். நீயும் அதுக்குள்ள வந்துரு. அங்க கெணத்துல தண்ணி சேந்தாதே. பாத்து நட. பாத்து இரு.

வெள்ளியங்கிரி


மடத்துக்குளம்,
22.7.1991

மாமாவுக்கு,

கடுதாசி வந்துச்சுங்க. முழுசும் ரெக்கைதான் இருந்துச்சு. கடைசி வரியில நான் இருந்தேன், அதுவும் கெணத்துப் பக்கம் போகக்கூடாதுன்னு.

இங்க நோம்பிக்கு வந்தவளைப் பாக்க ஊரே வந்துட்டுப் போச்சு. "புதுப்பொண்ணு வந்துட்டாளா? மாப்பிள்ளை எங்க?"ன்னு கேலி. எங்கண்ணன் பொண்டாட்டி பூவாத்தாள் இருக்கறாளே, அவ கேலி பண்ணலை. என்ற வயித்தை ஒருக்காப் பாத்துட்டுத் தட்டுல இன்னொரு கரண்டி சோறு போட்டா. அதுக்குக் கேலியே தேவலாமுங்க.

அன்னிக்கு நடந்ததை நானும் ஒருக்காச் சொல்லட்டுங்களா? நீங்க பெட்டிக்கு பேட்டரி போட்டுட்டு இருந்தீங்க. நான் ரெக்கையைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தேன். வெள்ளை வெளேர்னு, அத்தனை நைசா. ஓரத்துல ஒரே ஒரு கட்டைவிரல் தடம், மிசின் ஆயிலு. உங்க விரல்தான். ஒம்பது வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கறவளுங்க நான். கறை தெரிஞ்சா கை சும்மா இருக்குமா? மொத மொத ஆகாசத்துக்குப் போறது அழுக்கோட போலாமான்னு தோணுச்சு. உங்க சட்டைக் கறைக்குன்னு கம்பெனியில இருந்து சித்தெ ஊத்திட்டு வந்த மருந்து செல்ப்புல இருந்துச்சு. பஞ்சுல தொட்டு ஒரே இழுப்பு. என்ற விரலுக்குக் கீழ ரெக்கை உள்ள போச்சுங்க. வெண்ணெயில சூட்டுக் கரண்டி எறங்கறாப்புல எறங்குச்சு. கையை எடுக்கக்கூடத் தோணலை எனக்கு.

நீங்க சத்தம் போட்டதுக்கு நான் வரலீங்க. நாள் முழுக்க மிசின்கிட்டக் கத்திப் பேசறவரு, உங்க சத்தம் எனக்குப் புதுசா? அன்னிக்கு உங்க கூட்டாளி ராசப்பண்ணன் வாசப்படியில நின்னுட்டு இருந்தாரு. அவரு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்க. அது நெனப்பு வந்தா எழுதுங்க. வர்ற வரைக்கும் நான் இங்கதான். ஆடி முடிஞ்சாலும் இங்கதான்.

மத்தியானம் அசந்து தூங்குனேன். கனவுல அந்த ஏரோப்ளேன் நம்ம ஊட்டுக் கொடிக்கயித்துல காயுது, துவைச்ச பனியனாட்ட. நான் கிளிப்பை எடுக்கறேன். அது விழுகலை. அப்படியே நின்ன எடத்துலயே நிக்குது, காத்துல. நானும் கையை நீட்டலை. முழிச்சப்ப வெசனமா இருந்துச்சுங்க, ஏன்னு தெரியலை.

தெர்மாகோலா பால்சாவான்னு கேட்டிருக்கறீங்க. தொட்டுக் கெடுத்தவகிட்டயா கேக்கறது?

மயிலாள்


திருப்பூர்,
26.7.1991

மயிலாவுக்கு,

என்ன வார்த்தைன்னு ரோசிச்சு ரோசிச்சுப் பாத்தேன். "அறிவிருக்குதா"ன்னு கேட்டேன். "நாலு மாசம் போச்சே"ன்னேன். கோவத்துல ஆயிரம் வரும், ஒண்ணொண்ணையும் பொறுக்கி வெச்சுக்குவாங்களா? அதை உடு.

பார்சல் வந்துருச்சு! ஒரு முழ நீளப் பெட்டி. தூக்குனா வெறும் பெட்டின்னு நெனைச்சேன், ஏமாத்திப் போட்டாங்கன்னு. பிரிச்சா உள்ள பலகை பலகையா பால்சா. நம்ம பக்கம் கத்தாழைப் பூத்தண்டு காஞ்சு கெடக்குமில்ல, அதை எடுத்தா எப்படி இருக்கும், அதைவிட லேசு. உள்ளங்கையில வெச்சா வெச்சதே தெரியலை. மோந்து பாத்தேன், பால் காய்ச்சுன வாசம் மாதிரி ஒண்ணு லேசா. நெகத்துல அழுத்துனா தடம் விழுகுது. ஆனா மரம், மயிலா. நரம்பு ஓடுது அதுல. எங்கயோ ஒரு காட்டுல மழையில நின்ன மரம்.

மூணு நாளாக் கத்தியை எடுக்கறேன், கீழ வெக்கறேன். வெட்டிக் கெடுத்துட்டா வேற இல்லையே. தெர்மாகோல்ல இந்தப் பயமே இருந்ததில்லை.

நேத்து மத்தியானமே ஷிப்ட் முடிஞ்சு பொங்கலூர்க் கரட்டுக்குச் சும்மா போயிட்டு வந்தேன். மேல பாறையில மல்லாக்கப் படுத்துட்டேன். காத்து கீழ இருந்து கரட்டுல மோதி மேல ஏறுது, சட்டை உப்பிப் போயி என்னையே தூக்கிரும்போல. ஒரு பருந்து. ரெக்கையைத் தட்டவே இல்லை. ஒரே எடத்துல நிக்குது. தலையை மட்டும் இப்படி அப்படித் திருப்பிக் கீழ பாக்குது. எத்தனை நேரம் அப்படியே கெடந்தனோ தெரியலை. எந்திரிச்சப்ப காத்து என்ற காதுக்குள்ளயே ஊடு கட்டி இருந்துச்சு. கம்பெனிக்குள்ள பஞ்சு பறக்குமில்ல, கீழயும் எறங்காம மேலயும் போகாம, லைட்டுக்குக் கீழ? அதைப் பாத்தாலே இப்பல்லாம் எனக்குக் கரட்டு நெனப்புத்தான்.

முடிவு பண்ணிட்டேன். பால்சா. இனி உருகறது, ஒடையறது எதுவும் எனக்கு வேண்டாம். ரெக்கைக்கு மேல மூடறதுக்கு நைசுக் காகிதம், இல்லாட்டிப் பட்டுன்னு கூட வந்த புஸ்தகத்துல படம் போட்டிருக்குது. திருப்பூர்க்காரனுக்குத் துணிக்கா பஞ்சம்? நான் ஒரு ரோசனை வெச்சிருக்கறேன்.

நீ வர்றப்ப முழுசா நிக்கும். நீ தொட்டாலும் ஒண்ணும் ஆகாது.

வெள்ளியங்கிரி


மடத்துக்குளம்,
3.8.1991

மாமாவுக்கு,

"நீ தொட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு எழுதியிருக்கறீங்க. அந்த வரியை எழுதிட்டு ஒருக்காத் திருப்பிப் படிச்சீங்களா?

பதில் போடக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். இன்னிக்கு ஆடிப் பதினெட்டு. அமராவதிக்குப் போயிட்டு வந்தோம், நானும் எங்கம்மாவும் பூவாத்தாளும். தண்ணி செவசெவன்னு போகுது. பொம்பளைங்க எல்லாம் வாழைப்பட்டையில பூவு, வெளக்கு வெச்சுத் தண்ணியில உட்டாங்க. நானும் உட்டேன். கைய விட்டுப் போறப்ப ஒரு தள்ளு தள்ளும் பாருங்க தண்ணி, அப்பறம் நம்மளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி போயிருது. பாத்துட்டே நின்னேன். சூரியன் தண்ணி மேல பட்டுக் கண்ணு கூசி, எது என்ற வெளக்குன்னே தெரியலை. எல்லாமே என்றது மாதிரித்தான் இருந்துச்சு.

பூவாத்தாள் பக்கத்துல வந்து, "அக்கா, அடுத்த தடவையாச்சும் தங்கோணும்னு வேண்டிக்கிட்டீங்களா?"ன்னு கேட்டா. நல்ல மனசோடதானுங்க கேட்டா.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, இதே ஆடியிலதான். அஞ்சு மாசம். பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு இருந்தோம், எனக்கு வயித்துல சுரீர்னுச்சு, நீங்க சோடா வாங்க ஓடுனீங்க. சோடாவைக் கைல வெச்சுட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தீங்க, தெறக்கவே இல்லை. "தங்கலை"ன்னாங்க அங்க. அதுக்கப்பறம் பாக்க வந்தவங்க எல்லாரும் அதே சொல்லுத்தான். தங்கலையாமா, தங்கலையாமா.

அன்னில இருந்து நீங்க என்னைப் பாத்தாப் "பாத்து"ன்னு மட்டுந்தான் சொல்றீங்க. கொடத்தைத் தூக்குனாப் பாத்து. படி எறங்குனாப் பாத்து. கட்டிலை எடுத்துட்டுப் போயி முன்னால ஆசாரத்துல போட்டுக்கிட்டீங்க. காத்து வேணும்னீங்க. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா நம்ம ரெண்டு பேருத்தையும் உக்கார வெச்சு, "ஒண்ணும் கொறையில்லை, இன்னொரு தடவை பாக்கலாம்"னு சொன்னாங்களே. அதை நீங்க ஒரு நாளும் பேசலை. சரி, ஆம்பளை மனசு, ஆறட்டும்னு இருந்தேன். ஏரோப்ளேன் வந்தப்ப எனக்குச் சந்தோசமுங்க. பொடக்காளியில உக்காந்து நீங்க வாய்க்குள்ள பாடுனீங்க, தேய்ச்சுட்டே. ரெண்டு வருசத்துல அப்பத்தான் பாடுனீங்க.

இத்தனை எழுதிட்டேன். இனியும் அந்த வார்த்தை நெனப்பு வரலைன்னா எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

மயிலாள்


திருப்பூர்,
5.8.1991

மயிலாவுக்கு,

உன்ற கடுதாசி இன்னும் வரலை. தபால்காரரைத் தெருமுக்குலயே நிறுத்திக் கேட்டேன். அதுக்குள்ள எழுதறேன், எழுதாம இருக்க முடியலை. பால்சா போச்சு.

நீ சிரிப்பே. சிரி. ரெக்கைக்கு எலும்பெல்லாம் நல்லா வெட்டிக் கட்டுனேன், எறும்பு ஊர்ந்தாத் தெரியும், அத்தனை மெல்லிசு. மேல மூடறதுக்கு என்ன பண்ணுனேன் தெரியுமா? நானே ஓட்டற மிசின்ல, இருக்கறதுலயே மெல்லிசு நூலைப் போட்டு, சிங்கிள் ஜெர்சி ஒரு குழாய் ஓட்டுனேன். பனியனுக்கு ஓட்டற அதே துணி, இன்னும் நைசு. தையலே இல்லாம ரெக்கையில சட்டை மாட்டற மாதிரி மாட்டிட்டேன். எந்த ஜெர்மன்காரனுக்கு இந்த மூளை வரும்னு எனக்கே பெருமை தாங்கலை. துணி விறைப்பா நிக்கணும்னு சோத்துக் கஞ்சியை மேல பூசி நெழல்ல காய வெச்சேன். சாயங்காலம் தட்டிப் பாத்தா மேளமாட்ட டொம்முங்குது.

நேத்து ஞாயித்துக்கெழமை கரட்டுக்குப் போனோம். ராசப்பன் வர மாட்டேன்னுட்டான். தெக்க இருந்து புதுசா வேலைக்கு வந்திருக்கற மூக்கையாவைக் கூட்டிட்டுப் போனேன். "அண்ணாச்சி, எம்புட்டு தூரம் எறியணும்?"னு கேட்டான். எறியறது இல்லப்பா, உடறதுன்னேன். எங்க கேட்டான்? மாங்காய் மரத்துல கல்லு உடறாப்புல உட்டான். ஆனா தப்பு அவன் மேல இல்லை. போன ஒடனே ஏரோப்ளேன் இடப்பக்கமா முறுக்குச்சு. நான் குச்சியை வலப்பக்கம் ஒடைஞ்சு போற மாதிரி தள்ளறேன். அது கேக்கவே இல்லை. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, பாறையில போயி மோதுச்சு. சத்தம்கூடப் பெருசா இல்லை, தீப்பெட்டியை மிதிச்ச மாதிரி.

பொறுக்கிட்டு வந்து ஊட்டுல வெச்சுப் பாத்தேன். உருப்படியா நின்ன ரெக்கையும் நேரா இல்லை. முறுக்குப் புழிஞ்சாப்புல ஒரு வளைவு. நான் வெட்டறப்ப நேராத்தான் வெட்டுனேன், ரசமட்டம் வெச்சுப் பாத்தேன். எப்படி வந்துச்சுன்னே புரியலை. காத்தா, என்ற கைத்தப்பா, மரமே அப்படியான்னு ஒண்ணும் தெரியலை.

ஆடி முடிய இன்னும் பன்னெண்டு நாள். ரெண்டும் போச்சு. ஊட்டுல ரெண்டு ஒடைசலு கெடக்குது, நடுவுல நான் உக்காந்திருக்கறேன்.

வெள்ளியங்கிரி


மடத்துக்குளம்,
8.8.1991

மாமாவுக்கு,

அட ராமா! சிங்கிள் ஜெர்சியா போட்டீங்க?

பூவாத்தாள் ஓடி வந்து என்னாச்சு என்னாச்சுங்கறா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொறை ஏறிருச்சு. ஏனுங்க, பன்னெண்டு வருசமா அந்தத் துணியை நீங்கதான ஓட்டறீங்க? ஓட்டி உருட்டி அனுப்பிட்டாச் சரியா? அது தண்ணி பட்டதுக்கு அப்பறம் என்ன பண்ணும்னு செக்கிங்ல இருக்கற எங்ககிட்டக் கேளுங்க. ஒரு தண்ணி பட்டாப் போதும், பனியனோட சைடுத் தையலு இடுப்புல இருந்து கெளம்பி வயித்துக்கு நேரா வந்து நிக்கும். அந்தத் துணியோட பொறவியே முறுக்கல். வட்டமா சுத்திச் சுத்தி ஓட்டுனதுங்க அது, தண்ணியைக் கண்டா மறுபடியும் சுத்தத்தான் பாக்கும். நீங்க கஞ்சி வேற ஊத்தி இருக்கறீங்க. அந்த நோஞ்சான் மரம் என்ன பண்ணும்? துணி இழுத்த இழுப்புக்குத் திரும்பிக்கிச்சு. மரத்து மேலயும் தப்பில்லை, உங்க கை மேலயும் தப்பில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே.

நான் கறையைத் தொடைச்சுக் கெடுத்தேன், நீங்க துணியைப் போட்டுக் கெடுத்தீங்க. ரெண்டு பேரும் கம்பெனியில கத்துக்கிட்டதைத்தான ஊட்டுல பண்ணுனோம்?

ஆனா உங்களை ஆரும் ஒண்ணும் கேக்கலை பாத்தீங்களா. மூக்கையா கேக்கலை. நானும் கேக்கலை.

போன கடுதாசி இந்நேரம் கெடைச்சிருக்கும். பதில் வரலை. சரி, நானே எழுதிப் போடறேன். கரைஞ்ச ரெக்கையைக் கைல வெச்சுட்டு நான் நிக்கறேன். ராசப்பண்ணன் வாசப்படியில. நீங்க பெட்டியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்துக் கேட்டீங்க. "உன்ற கைல எதுவுமே தங்காதா?"

ஊரு பேசுனப்ப நான் அழுகலைங்க. எங்கம்மா பேசுனப்ப அழுகலை. என்ற புருசன் அப்படி நெனைக்க மாட்டாருன்னு ஒண்ணு உள்ள இருந்துச்சு, அது மேல சாஞ்சுக்கிட்டேன். அன்னிக்கு அது போச்சு. இப்பச் சிரிச்சேன்னு சொன்னேனே, சிரிச்சது நெசந்தான். சிரிச்சு முடிச்சதும் மறுபடியும் அதேதான் வந்து நிக்குது.

அப்படித்தான் நெனைக்கறீங்களா? ஆமாவா இல்லையான்னு மட்டும் எழுதுங்க. ரெக்கையைப் பத்தி எழுத வேண்டாம்.

மயிலாள்


திருப்பூர்,
10.8.1991

மயிலா,

இல்லை.

இதோட நிறுத்திப் போட்டுடலாம், நீ கேட்டது அவ்வளவுதான். ஆனா நிறுத்துனா மறுபடி நான் தப்பிச்சுப் போனவனா ஆயிருவேன்.

நெனப்பு இல்லைன்னு எழுதுனேனே, பொய். வாய விட்டு வந்த அந்த நிமிசமே தெரியும். உன்ற மூஞ்சியைப் பாத்தேன். அதுக்கப்பறமும் நான் பேட்டரியைக் கழட்டுனேன், வயரைச் சுத்துனேன், பெட்டியை மூடுனேன். ராசப்பன் ஏன் கரட்டுக்கு வரலைன்னு தெரியுமா? அன்னில இருந்து அவன் என்கூடப் பேசறதில்லை. சோத்துப் போசியைத் தூக்கிட்டு வேற பக்கம் போயி உக்காந்துக்கறான். உன்ற கடுதாசி ஆறாந்தேதியே வந்துருச்சு. ஆடிப் பதினெட்டுக் கடுதாசி. நாலு தடவை படிச்சேன், நாலு தடவை மடிச்சு வெச்சேன்.

தெர்மாகோலா பால்சாவான்னு பக்கம் பக்கமா எழுதுனதெல்லாம் இதை எழுதாம இருக்கறதுக்குத்தான். எடை எவ்வளவு, எது உருகும், எது ஒடையும்னு எழுதிட்டே இருந்தா மத்தது கண்ணுல படாது பாரு.

அந்தச் சோடா பாட்டில். நீ பாத்திருக்கறேன்னே எனக்குத் தெரியாது. அது ரொம்ப நாள் நம்ம ஊட்டுச் செல்ப்புக்குப் பின்னாலதான் இருந்துச்சு, தெறக்காம. பஸ் ஸ்டாண்டுல உன்ற சேலை நனைஞ்சு போயிருந்துச்சு. நீ என்ற கையைப் புடிச்சே, ஐஸாட்ட இருந்துச்சு. கொழந்தை போனது எனக்கு அப்பறந்தான் தெரிஞ்சுச்சு. அந்த நேரத்துல நீ போயிருவேன்னு நெனைச்சேன். டாக்டரம்மா "இன்னொரு தடவை பாக்கலாம்"னப்ப எனக்குக் காதுல அந்த பஸ் ஸ்டாண்டுச் சத்தந்தான் கேட்டுச்சு. அதான் கட்டிலைத் தூக்கிட்டுப் போயி ஆசாரத்துல போட்டேன். காத்துக்கு இல்லை. பயத்துக்கு. உன்னைத் தொட்டு உனக்கு ஒண்ணு ஆயிட்டா?

உன்ற கைல தங்கலைன்னு நான் நெனைச்சதே இல்லை. என்னாலதான், நான்தான் அன்னிக்கு உன்னை பஸ்ல கூட்டிட்டுப் போனேன்னு நெனைச்சுட்டு இருந்தேன். அதை என்ற மேல வெச்சுக்கத் தைரியம் இல்லாம உன்ற மேல தூக்கிப் போட்டுட்டேன். மன்னிச்சுருன்னு கேக்க எனக்குக் கூச்சமா இருக்குது. ஆனாலும் கேக்கறேன்.

ஏரோப்ளேன் இனி வேண்டாம். ரெண்டையும் மூட்டை கட்டி மேல அட்டத்துல ஏத்திப் போட்டுட்டேன். ரேடியோ பெட்டியை ஆராச்சும் கேட்டாக் குடுத்துரலாம். நீ வா. வரலைன்னாலும் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. வர்றேன்னா மட்டும் ஒரு வரி எழுது, நான் மடத்துக்குளத்துக்கே வந்து கூட்டிட்டு வர்றேன். உங்கம்மா என்ன பேசுனாலும் கேட்டுக்கறேன்.

வெள்ளியங்கிரி


மடத்துக்குளம்,
12.8.1991

மாமாவுக்கு,

உங்க கடுதாசியைப் பொடக்காளியில உக்காந்து படிச்சேன். அழுதேன். அந்தச் சோடா பாட்டில்ல என்னமோ இருந்திருக்குது, அதுல வந்துதான் ஒடைஞ்சேன். ரெண்டு வருசமா நீங்க பயந்துட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நான் என்னை உங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனைச்சுட்டு இருந்தேனுங்க. ஒரே ஊட்டுல இருந்துட்டு ரெண்டு பேரும் என்ன கூத்துப் பண்ணி இருக்கறோம்.

கோவம் முழுசாப் போச்சான்னு கேட்டா, இல்லீங்க. அந்த வார்த்தை இன்னும் கொஞ்ச நாளைக்கு அங்கங்க முள்ளாட்டக் குத்தும். அப்ப நான் மூஞ்சியைத் தூக்குனா என்னாச்சுன்னு கேளுங்க. ரேடியோ பெட்டியைத் தொடைக்கப் போயிராதீங்க.

ஏரோப்ளேன் வேண்டாம்னு எழுதி இருக்கறீங்களே, அது ஆரு முடிவு? என்கிட்டத்தான தெர்மாகோலா பால்சாவான்னு கேட்டீங்க? நான் இன்னும் பதிலே சொல்லலையே. இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க.

வெறும் பால்சா வேண்டாம். அதை வெச்சுட்டு நீங்க கத்தியை எடுக்கவே மூணு நாள் தயங்குனீங்க. அப்படிப் பொத்திப் பொத்தி வெச்சது பறக்கறதுக்கு லாயக்கில்லீங்க. வெறும் தெர்மாகோலும் வேண்டாம், அது வளைஞ்சு நொடிச்சுரும். சட்டைக் காலருக்குள்ள கேன்வாஸ் வெச்சுத் தைக்கறோமில்ல? துணி தொவளும், கேன்வாஸ் வெறைப்பு, ரெண்டும் சேந்தாக் காலரு நிக்கும். அந்த மாதிரி தெர்மாகோல்ல ரெக்கையை அறுங்க. நடுவுல நெடுக ஒரு கீறல் போட்டு, அட்டத்துல போட்ட பால்சாவுல நல்லதா ஒரு பட்டையை எடுத்து உள்ள எறக்கிப் பெவிகால் ஊத்துங்க. மேல ஜெர்சி, கஞ்சி, ஒண்ணும் வேண்டாம். ஒடைஞ்சா ஒடையட்டும். உங்க கம்பெனிக்கு மிசின் பெட்டி வராம இருக்கப் போகுதா? இன்னொண்ணு அறுக்கலாம். அதுவும் போனா அதுக்கப்பறம் ஒண்ணு.

பதினஞ்சாந்தேதி கம்பெனி லீவு. அன்னிக்கு ஆடி முப்பது, காத்து இருக்கும். நீங்க இங்க வர வேண்டாம். எங்கம்மா உங்களை உக்கார வெச்சுப் பேச ஆரம்பிச்சா ஆவணியே முடிஞ்சுரும். நானே காலையில மொத பஸ்ஸுக்கு உடுமலை வந்து, பல்லடத்துல எறங்கி, அங்கிருந்து பொங்கலூர் பஸ் புடிச்சு நேராக் கரட்டுக்கு வந்துர்றேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நான் தனியா நிப்பேனான்னு ரோசிக்காதீங்க. நிப்பேன். ஒரு சோடா வாங்கிக் குடிச்சுட்டே நிப்பேன்.

ராசப்பண்ணனைக் கூட்டிட்டு வாங்க. நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க, வருவாரு. அவரு முன்னாலதான் கேட்டீங்க, அவரு முன்னாலயே நான் வீசறேன். என்ற கைல தங்காததை ஊரே பேசிருச்சு. இது தங்கறதுக்கு வந்ததில்லீங்க. போறதுக்கு வந்தது. இதை உடறதுக்கு என்ற கையை விட்டா ஆளு கெடைக்காது உங்களுக்கு. அமராவதியில வெளக்கை உட்டேனே, அப்பவே கை பழகிருச்சு.

ரெக்கையில உங்க ஆயிலு விரல் தடம் பட்டா இருக்கட்டும். நான் தொடைக்க மாட்டேன்.

ஆவணி பொறந்ததும் டாக்டரம்மாவைப் போயிப் பாத்துட்டு வரலாம். எனக்கும் பயமாத்தான் இருக்குது. பயந்துட்டே போலாம், ரெண்டு பேரும். ஆசாரத்துல இருக்கற கட்டிலை நான் வர்றதுக்குள்ள உள்ள எடுத்துப் போட்டு வையுங்க.

கட்டுச்சோறு கட்டிட்டு வர்றேன். காத்து நெம்ப அடிச்சாலும் கெளம்பி வந்துருங்க. ஒண்ணே ஒண்ணுதான் உங்களுக்கு. கரட்டு மேல நின்னு, கையைப் பின்னால இழுத்து, நான் அதை உடப் போறப்ப, "பாத்து"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

மயிலாள்